உலகக் கிண்ணம், ஒலிம்பிக்ஸ் எல்லாம் உண்மையா சமாதானம் கொண்டு வருமோ?

குளத்தடிப் பெடியன்:
நேற்று கிளிநொச்சியில தேத்தண்ணிக் கடையில ஒரே வாக்குவாதம், நாடுகள் சேர்ந்து விளையாடினா சண்டை குறையும் எண்டு ஒருத்தர், சும்மா கதை விடாதேங்கோ எண்டு மற்றவர். நீங்கள் என்ன நினைக்கிறியள்?

மாங்குளம் அண்ணை:
மத்திய அமெரிக்காவில பக்கத்து நாடுகள் எல் சல்வடோர், ஹொண்டுராஸ் கதை தெரியுமோ தம்பி? 1969ல ரெண்டு நாட்டுக்கும் இடையில உலகக் கிண்ண உதைபந்தாட்டத் தகுதிகாண் மட்ச் முடிஞ்சு கொஞ்ச நாளில யுத்தமே தொடங்கினது. காணிப் பிரச்சினை முதலே புகைஞ்சுகொண்டுதான் இருந்தது, பந்து ஒரு சாட்டு. 1972ல மியூனிக் ஒலிம்பிக்ஸில பாலஸ்தீன ஆயுதக் குழு தாக்கினதில இஸ்ரேல் அணிக்காரர் 11 பேர் செத்தவை. இதுக்குள்ள எங்க சமாதானம்?

முறிகண்டி அக்கா:
ஒரேயடியா அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை, 1971ல அமெரிக்க பிங்பொங் ரீம் சீனாவுக்குப் போக அடுத்த வருசம் அமெரிக்க ஜனாதிபதி நிக்சனே போனார், என்ன, ரெண்டு பக்கமும் பேச விருப்பம் இருந்தபடியாத்தான் அது சரிவந்தது.
96 கிரிக்கெட் உலகக் கிண்ணத்துக்கு, கொழும்பு மத்திய வங்கிக் குண்டுக்குப் பிறகு அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவும் கொழும்புக்கு வரமாட்டம் எண்டிட்டினம், இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே ரீமா வந்து விளையாடினவை!! பைனல் அண்டைக்கு நாங்கள் இடம்பெயர்ந்து கொட்டிலுக்க, கரண்டும் இல்லை பற்றறியும் இல்லை, சைக்கிளைக் கவிட்டு வைச்சுத் தம்பி கையால பெடல் சுத்த டைனமோவில றேடியோ கேட்டம், அவன் களைச்சா இலங்கை ரீமின்ர அரவிந்த டி சில்வாவின்ர ரன்ஸும் நிண்டிடும். அப்பா "ஆருக்கடா கை தட்டுறாய்" எண்டு ஏசிப்போட்டு தானும் கிட்ட வந்து குந்தினவர்.

குளத்தடிப் பெடியன்:
கடைசி ரன் கேட்டனீங்களோ அக்கா?

முறிகண்டி அக்கா:
எங்க, டைனமோ வயர் அறுந்திட்டுது. விடியத்தான் தெரியும் இலங்கை வெண்டது.