எதிரொலி போதாது: ‘ஒழுகொலி’ என்றொரு சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். காணொலி அழைப்பில் வரும் கோளாறுகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடித் தொடங்கிய இந்த இழையில் பாதி மடல்கள் காணொலியா, காணொளியா என்ற பழைய வழக்கிலேயே செலவாகிவிட்டன. நான் லகரத்தோடு எழுதுகிறேன். ளகரக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சண்டையை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். இப்போது என் கவலை ‘எக்கோ’ என்கிறார்களே, அதைப் பற்றியது. “எதிரொலி என்ற அருமையான சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?” என்று திருச்சி ஐயா கேட்டிருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

அன்று சேலம் அம்மாப்பேட்டையில் என் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். என் தாய்மாமன் ஏற்காட்டில் இருக்கிறார். முழங்கால் வலியோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வர அவரால் ஆகாது. தட்டு மாற்றுவதையாவது பார்க்கட்டும் என்று மடிக்கணினியில் அழைத்தோம். “மாமா, வணக்கம்” என்றேன். அரை நொடி கழித்து “மாமா, வணக்கம்” என்று என் குரலே எனக்குத் திரும்பி வந்தது. கூடத்தில் யார் என்ன பேசினாலும் அப்படித்தான். சித்தி பேசப் பேச அவர் குரலே குறுக்கே விழுந்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

“எதிரொலி கேட்கிறது மாமா” என்றேன். “இங்கே கண்ணாடி மாதிரி கேட்கிறதே, மாப்பிள்ளை. உன் பக்கம்தான் கோளாறு. காலிக் கூடம் என்றால் எதிரொலிக்கத்தான் செய்யும், துணி எதையாவது தொங்கவிடு” என்றார். அவர் சொன்னதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. எதிரொலி என்ற சொல்லைக் கேட்டவர் வேறு எப்படி யோசிப்பார்? நாங்களும் பவானி ஜமுக்காளம் இரண்டை எடுத்துச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டோம். ஒலிபெருக்கியைக் குறைத்தோம், கணினியை அணைத்துப் போட்டோம், மைக்கை மாற்றினோம். முகூர்த்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் மாமாவின் பேரன் எங்கிருந்தோ வந்து, தாத்தாவின் கணினியில் காதொலிப்பானைச் செருகினான். அந்தக் கணமே எதிரொலி நின்றது.

ஜமுக்காளம் தொங்கியது சேலத்தில். கோளாறு இருந்தது ஏற்காட்டில். மாமா தன் மடிக்கணினியைச் சுவர் அலமாரிக்குள் வைத்து, ஒலியை முழு அளவுக்கு ஏற்றியிருந்தார். அதன் அடிப்பக்கத்து ஒலிபெருக்கியிலிருந்து வந்த என் குரல் அலமாரியின் மூன்று சுவரிலும் மோதி, திரைக்கு மேலே ஊசித்துளை போலிருக்கும் மைக்குக்குள் நுழைந்து, அவருடைய பேச்சோடு பேச்சாகச் சேலத்துக்கு வந்து சேர்ந்தது. அவர் காதில் தன் குரல் திரும்பி விழவே இல்லை. ஆகவே அவருக்குக் கோளாறே தெரியவில்லை. இந்த நோயின் விசித்திரம் இதுதான்: அவதி ஒரு வீட்டில், காரணம் அடுத்த வீட்டில்.

மலையில் பாறைச் சரிவைப் பார்த்துக் கத்தினால் கத்தியவருக்குத்தான் குரல் திரும்பும். அந்த வகையில் எதிரொலி சரியான சொல்தான். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. தொலைபேசி உரையாடல் இயல்பாக இருக்க ஒருவழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருப்பது நல்லது என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் சொல்கிறது. போகவர 300 மில்லி நொடி என்று வைத்தால், எதிரே 51 மீட்டரில் ஒரு பாறை நிற்பதற்குச் சமம். ஏற்காட்டில் இருந்த மாமாவை இணையம் அவ்வளவு கிட்டத்தில் ஒரு பாறையாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. ஆனால் பாறையிடம் “கொஞ்சம் ஒலியைக் குறை” என்று நாம் சொல்லப்போவதில்லை. மாமாவிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. எதிரொலி என்ற சொல் கேட்பவனின் அனுபவத்தைச் சொல்கிறது. எங்கே போய்க் கையை வைக்க வேண்டும் என்பதைச் சொல்வதில்லை.

ஆகவே என் முன்மொழிவு: ஒழுகொலி. ஒலிபெருக்கியிலிருந்து ஒழுகி மைக்குக்குள் போகும் ஒலி. வினைத்தொகை என்பதால் ஒழுகிய, ஒழுகுகிற, ஒழுகும் மூன்றும் அதற்குள் அடக்கம். வினையாகச் சொல்லும்போது இன்னும் எளிது: “மாமா, உங்கள் பக்கம் ஒலி ஒழுகுகிறது.” ஓட்டு வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு ஒழுகல் என்றால் என்னவென்று பாடம் எடுக்க வேண்டாம். மேல்வீட்டுக் குழாய் ஒழுகினால் நம் கூரையில் ஈரம் படியும். நம் வீட்டுச் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருக்க மாட்டோம், மாடிப்படி ஏறிப் போய்க் கதவைத் தட்டுவோம்.

முதலில் எனக்குத் தோன்றியது ‘ஒலிக்கசிவு’. ஆனால் நாளிதழ்க்காரர்கள் அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘ஆடியோ கசிந்தது’ என்றால் இன்று யாரோ யாரையோ ஒட்டுக்கேட்டுப் பதிவுசெய்தார்கள் என்றுதான் பொருள். நிச்சயதார்த்த வீட்டில் அந்தப் பேச்சு வேண்டாம். இன்னொரு குறையும் முன்வைக்கப்படும் என்று தெரியும். ஒழுகுதல் என்றால் நெறிப்படி நடத்தல். அப்படியானால் ஒழுகொலி என்பது நல்லொழுக்கமுள்ள ஒலியா என்று புலவர் ஐயா கேட்பார். கேட்கட்டும். கூரை ஒழுகுகிறது என்றால் கூரையின் நடத்தையைப் பாராட்டுகிறோம் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லையே. ழகரமும் லகரமும் அடுத்தடுத்து வருவதால் நாக்கு கொஞ்சம் புரள்கிறது. அது மெய்யான குறை, ஒப்புக்கொள்கிறேன்.

இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டால் ‘எக்கோ கேன்சலேஷன்’ என்பதும் தெளிவாகிறது. கணினி தன் ஒலிபெருக்கிக்கு எதை அனுப்புகிறது என்பது அதற்கே தெரியும். மைக்கில் வந்து விழுவதிலிருந்து அந்தப் பங்கைக் கணக்கிட்டுக் கழித்து, மீதியை மறுமுனைக்கு அனுப்புகிறது. கழித்தல் நடக்க வேண்டியது ஒழுகும் பக்கத்தில். ஒலியை முழுதாக ஏற்றி ஒலிபெருக்கி அதிரத் தொடங்கினால், அனுப்பியது ஒன்று, வெளியே வந்தது வேறொன்று, கணக்கு உதைக்கும். புளூடூத் ஒலிபெருக்கியிலும் தொலைக்காட்சியிலும் ஒலி தாமதித்து வரும். அந்தத் தாமதம் கணக்குக்குள் அடங்காவிட்டால் கழித்தல் தப்பிவிடும். ‘எதிரொலி நீக்கம்’ என்றால் இதில் எதுவும் புரிவதில்லை. ‘ஒழுகொலி நீக்கம்’ என்றால் பாதியாவது புரியும்.

அடுத்தது ‘ஃபீட்பேக்’. அதே நாளில் அதுவும் நடந்தது. மாமாவின் முகத்தை அருகில் பார்க்க ஆசைப்பட்டு, சித்தி தன் கைப்பேசியிலிருந்தும் அதே அழைப்பில் நுழைந்தார். ஒரே கூடத்தில் இரண்டு கருவிகள். மடிக்கணினி பேசுவதைக் கைப்பேசி கேட்டு அனுப்ப, கைப்பேசி பேசுவதை மடிக்கணினி கேட்டு அனுப்ப, சுற்றிச் சுற்றி வலுத்து, ஒரே சுருதியில் வீறிட்டது. மதுரை நண்பர் இதற்குப் ‘பின்னூட்ட அலறல்’ என்கிறார். பின்னூட்டம் என்ற சொல்லை வலைப்பதிவர்கள் கருத்துரைக்கு எடுத்து ஆண்டுக்கணக்காகிறது. எங்கள் தெருவில் ஒலிபெருக்கி கட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா சமயத்தில் அவரைப் பிடிக்கவே முடியாது. அவரிடம் கேட்டேன். “மைக் கூவுகிறது என்போம்” என்றார். கூவல்! தொழிலில் இருப்பவர் வாயில் சொல் தயாராக இருக்க, நாம் அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம். பழந்தமிழில் கூவல் என்றால் கிணறு என்பதை அறிவேன். கிணறும் இணையமும் ஒரே வாக்கியத்தில் வந்து யாரையும் குழப்பப்போவதில்லை.

படம் தெரியாத கோளாறுக்கு வருவோம். கேமராவை வேறொரு செயலி பிடித்து வைத்திருப்பது, உலாவிக்கு அனுமதி கொடுக்காதது, கேமராவை இயக்கும் மென்பொருளான இயக்கி சரியில்லாதது: இவற்றுக்கெல்லாம் இருக்கிற சொற்களே போதும். சொல் இல்லாதது ஒன்றுக்குத்தான். கேமராவின் மேல் நகத்தால் தள்ளி மூடும் சிறு தகடு இருக்கிறதே, அதற்கு. மூடியிருந்தால் சில கணினிகளில் எள்ளளவு சிவப்புப் புள்ளி தெரியும். வயதானவர்கள் கண்ணில் அது படாது. கணினியோ எல்லாம் ஒழுங்காக இருப்பதாகச் சொல்லும். படம் மட்டும் கருப்பு. ‘அந்தரங்க மறைப்பான்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தொலைபேசியில் என் அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது? இமை என்று வைத்துவிடலாம். “அம்மா, இமை மூடியிருக்கிறதா பாருங்கள்.” முடிந்தது.

‘மியூட்’ பற்றி நீளமாக எழுத மனமில்லை. ஒலியடக்கம் என்பதில் ‘நல்லடக்கம்’ வாடை அடிக்கிறது. வாய்ப்பூட்டு என்பது பிறர் நமக்குப் போடுவது. கூட்டத்தை நடத்துபவர் நம்மை மியூட் செய்யும்போது அது பொருந்தும், நாமே செய்துகொள்ளும்போது பொருந்தாது.

ஊர்ப்பெருமையாக ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ராஜாஜி சேலத்தில் வழக்கறிஞராக இருந்த காலத்தில்தான், 1916இல், அறிவியல் சொற்களைத் தமிழாக்க ஒரு சங்கம் ஏற்பட்டது. மறு ஆண்டு அவர் சேலம் நகராட்சித் தலைவரானார். இயற்பியல், வேதியியல் எனப் பாடம் பாடமாகச் சொல் தேடினார்கள். அவர்களுக்கு முன்னால் மாணவன் இருந்தான். நமக்கு முன்னால் இருப்பது தொலைபேசியின் மறுமுனையில் பதறும் மாமா. நம் சொல் அவர் கையை ஒரு பொத்தானுக்குக் கொண்டுபோக வேண்டும்.

நேற்று மாமாவை மறுபடி அழைத்தபோது அதே கோளாறு. “ஒலி ஒழுகுகிறது மாமா” என்றேன். “எங்கே, இங்கேயா?” என்று கேட்டுக்கொண்டே ஒலியைக் குறைத்துவிட்டார்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. புளூடூத் தலையணியில் பாட்டு இனிமையாகக் கேட்கும்; அழைப்பு வந்து அதன் மைக் திறந்ததும் ஒலி பழைய வானொலி போலச் சுருங்கிவிடும். பாட்டுக்கான ஒருவழி முறையிலிருந்து பேச்சுக்கான இருவழி முறைக்கு அது தாவுவதுதான் காரணம். கோவை அக்கா ‘குரல்மங்கல்’ என்கிறார். அதுவும் எதிரொலி போலவே கேட்பவனின் குறையைத்தான் சொல்கிறது. அந்தத் தாவலைச் சொல்லும் சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
சேலத்திலிருந்து