விதியா, மதியா: குறள் 380-உம் 620-உம் முட்டிக்கொள்கின்றனவா?

சுவடிக்கட்டு:
'விதியா மதியா' பட்டிமன்றம் எங்கே நடந்தாலும் ஓர் அணி 'ஊழிற் பெருவலி யாவுள' (380), ஊழை அதாவது விதியைவிட வலியது எது, என்று ஆரம்பிக்கும். மறு அணி 'ஊழையும் உப்பக்கம் காண்பர்' (620) என்று முடிக்கும். ஒரே ஆள் இரண்டையும் எப்படிச் சொல்லியிருக்க முடியும்? எதை வள்ளுவரின் கட்சி என்று எடுத்துக்கொள்வது?

மணல்மேடு:
முதலில் இரண்டிலும் வினைச்சொல்லைப் பாருங்கள். 380-இல் 'மற்றொன்று சூழினும் தான் முந்துறும்'. சூழ்தல் என்றால் ஆலோசித்து உபாயம் தேடுவது. ஊழிலிருந்து தப்ப நீங்கள் போடும் அந்தத் திட்டத்தின் வழியாகவோ வேறொன்றின் வழியாகவோ அது முந்திக்கொண்டு வந்து நிற்கும் என்கிறார் உரையாசிரியர் பரிமேலழகர். 620-இல் இருப்பது 'உஞற்றுபவர்', அதாவது விடாமல் உழைப்பவர். அதற்கும் 'உலைவின்றி', 'தாழாது' என்று இரண்டு நிபந்தனை. உப்பக்கம் என்றால் முதுகுப்புறம். புறங்காட்டி ஓட வைப்பது. ஊழ் ஒரு முறை, இரு முறை தடுக்கலாம், பலமுறை முயல்பவரைத் தடுக்காது என்பது அங்கே உரை. ஆக, ஊழை ஏய்க்க முடியாது, அலுக்க வைக்கலாம்.

மேடையில் யாரும் தொடாத குறள் 371: கைப்பொருள் சேரும் ஊழ் 'அசைவின்மை'யாகவும், போகும் ஊழ் 'மடி'யாகவும் தோன்றுமாம். ஊழே முயற்சியாகவோ சோம்பலாகவோதான் வெளிப்படுகிறது என்றால், இரண்டு அணியாகப் பிரிவதே சிரமம். அந்த இடத்தில் வள்ளுவர் விதிக்கட்சிக்குக் கொஞ்சம் கூடவே கொடுத்துவிட்டார் என்பது என் எண்ணம்.

கூழாங்கல்:
620-ஐத் தனியாகப் பிடுங்கிப் படிப்பதால் வரும் கோளாறு, 'முட்டிக்கொண்டே இரு, கிடைக்கும்' என்ற அர்த்தம். 62-ஆம் அதிகாரத்துக்கு வருமுன் 47 முதல் 50 வரை படியுங்கள்: தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல். 471 எடைபோடச் சொல்வது நான்கு: வினையின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணைவலி. தேர்வுக்கோ தொழிலுக்கோ இறங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். 468 இன்னும் கறார்: வழியறிந்து செய்யாத முயற்சி, பலர் நின்று காத்தாலும் 'பொத்துப் படும்'. பொத்து என்பது பொந்து, ஓட்டை. அப்படித் தோற்றதை ஊழின் கணக்கில் எழுதக் கூடாது.

ஆற்றுப்புணை:
புறநானூறு 192-ஐயும் சேர்க்கலாம். 13 அடியில் முதல் அடியை மட்டும் பலகையில் எழுதுகிறோம். கணியன் பூங்குன்றனார் 'தீதும் நன்றும் பிறர்தர வாரா' என்று பொறுப்பை நம் தலையில் வைத்துவிட்டு, ஏழு அடி தள்ளி, கல்லில் மோதி இரையும் பேராற்றில் நீர் போன வழி போகும் புணை (தெப்பம்) போன்றது உயிர் என்கிறார். பாட்டின் பூட்டு 11-ஆம் அடியில் வரும் 'ஆகலின்'. இதைத் தெளிந்ததால்தான் பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது 'அதனினும்' இல்லை. விதியை ஒப்புக்கொண்டவர் கைகட்டி உட்காரவில்லை. அடுத்தவரை அளக்கும் கோலைக் கீழே போட்டார்.

சுவடிக்கட்டு:
371 கண்ணிலேயே படவில்லை. 618-இல் 'பொறியின்மை' பழியன்று என்பதும் இதே கணக்கா?

மணல்மேடு:
ஆமாம், அங்கே பொறி என்றால் ஊழ். அது வாய்க்காதது குற்றமில்லை; அறிய வேண்டியதை அறிந்து முயலாததே குற்றம். உடலுறுப்புக் குறை என்று பொருள் சொல்பவர்களும் உண்டு. மேடையில் எந்தப் பொருளில் எடுக்கிறீர்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள், நடுவர் அங்கேதான் மடக்குவார்.