புதுப்பிப்பு: கத்தியின் கிளிப் கழன்றது, திருகுகளில் கவனம் தேவை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மடக்குக் கத்திகளில் பரவலாக வரும் இரண்டு அம்சங்கள் பிடிக்கவில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன்: பையில் மாட்டிக்கொள்ள பிடியில் திருகியிருக்கும், அழுத்திப் பிடித்தால் உள்ளங்கையில் குத்தும் கிளிப், பாதி அலகில் மட்டும் இருக்கும் ரம்பப் பற்கள்.

கிளிப்பின் திருகுகள் அசையவே இல்லை. திருகு தானாகத் தளராதிருக்கத் திருகுப் பசை போட்டிருப்பார்கள், சூடாக்குங்கள் என்று ஒருவர் சொன்னதே பலித்தது. சால்டரிங் அயர்ன் நுனியைத் திருகுத் தலையில் சற்று நேரம் வைத்தேன். பசை இளகியதும் டி6 டார்க்ஸ் (நட்சத்திர வடிவ) திருப்புளி முனைக்குச் சுலபமாகக் கழன்றது. எண்ணெய் விடும் யோசனை எடுபடவில்லை.

எதிர்பாராத ஒன்று: துளைகளில் தூசி அடையாதிருக்க அதே திருகுகளைத் திரும்பப் போட்டபோது, மடக்கும் அலகு அவற்றில் உரசியது. கிளிப்பின் கனம் இல்லாததால் திருகு அந்த அளவுக்கு உள்ளே நீள்கிறது. குட்டையான திருகு போடுங்கள், அல்லது துளையை அப்படியே விடுங்கள். நான் விட்டுவிட்டேன். கைக்கு எவ்வளவு சுகம்!

பற்களைத் தீட்ட, வைரத்தூள் பூசிய கூம்புக் கம்பியால் சரிவுள்ள பக்கத்தில் மட்டும் ஒவ்வொரு குழியாகத் தேய்த்து, மறுபக்கத்தில் எழும் உலோகப் பிசிரை லேசாக வழித்தால் போதும். கயிறு நன்றாக அறுபடுகிறது. ஆனாலும் என் மனம் மாறவில்லை. மரம் செதுக்க வலுக் கிடைப்பது பிடியை ஒட்டிய பகுதியில்தான். அதைத்தான் பற்கள் பறித்துக்கொள்கின்றன. அடுத்து வாங்குவது பற்களே இல்லாத அலகுதான்.