மக்காச்சோள ரவை பூசிய மீன்: மொறுமொறுப்பு ஏன் நிற்கவில்லை?

நண்பர்களே, ஓர் உதவி வேண்டும். மீன் துண்டுகளில் மக்காச்சோள ரவை பூசிப் பொரிக்க மூன்று முறை முயன்றுவிட்டேன். எடுக்கும்போது பொன்னிறமாக, கரண்டியால் தட்டினால் சத்தம் கேட்கும் அளவுக்கு மொறுமொறுவென்று இருக்கிறது. ஐந்தே நிமிடத்தில் அடிப்பக்கம் நமத்துப் போகிறது. திருப்பும்போது பூச்சும் உரிந்து, எண்ணெயின் அடியில் கருகி, அடுத்த துண்டுகளில் ஒட்டிக்கொள்கிறது.

அரை கிலோ முள்ளில்லாத துண்டுகளை உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த மோரில் அரை மணி நேரம் ஊறவைக்கிறேன். ஒரு கப் ரவையுடன் கால் கப் மைதா கலந்து அதில் புரட்டி, உடனே பொரிக்கிறேன். வெப்பமானி வைத்துப் பார்த்தேன்: 180 டிகிரி செல்சியஸில் இருந்த எண்ணெய், நான்கு துண்டுகள் விழுந்ததும் 150-க்கு இறங்கிவிடுகிறது. எனக்கு இதன் மேல்தான் சந்தேகம். பொரித்ததைக் காகிதத்தில் அடுக்குவதும் தவறோ? கம்பி வலையில் வைத்தால் ஆவி கீழேயும் வெளியேறும் அல்லவா?

பூசியபின் பத்து நிமிடம் விட்டுப் பொரிப்பவர்கள் இருக்கிறீர்களா? பூச்சு பிடித்துக்கொள்கிறதா? (வெள்ளைச் சோள மாவைக் கேட்கவில்லை, மஞ்சளாக, கரகரப்பாக இருக்கும் ரவையைத்தான் கேட்கிறேன். அந்த மணத்தை விட மனமில்லை.) ஞாயிற்றுக்கிழமை அம்மா சாப்பிட வருகிறார். அதற்குள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.