உண்ணிக்காய்ச்சல்: ஐஜிஎம் எலிசா முடிவை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி (ஆய்வக நுட்பநர், வேலூர் மாவட்டம்)

ஸ்க்ரப் டைபஸ் எனும் உண்ணிக்காய்ச்சலுக்கு இதுவரை வெயில்-ஃபெலிக்ஸ் பரிசோதனையே செய்துவந்த எங்கள் ஆய்வகத்தில் இப்போது ஐஜிஎம் எலிசா (தொற்றின் தொடக்கத்தில் உருவாகும் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருளை இரத்தத்தில் தேடும் பரிசோதனை) வந்திருக்கிறது. ஆயினும், காய்ச்சல் கண்ட மூன்றாம் நாளில் ‘இல்லை’ என்று முடிவு கொடுத்தவருக்கே அடுத்த வாரம் ‘உண்டு’ என்று கொடுக்க நேர்கிறது. சென்ற ஆண்டு இந்நோய் வந்து குணமான ஒருவருக்கோ, இம்முறை டெங்கு என்று உறுதியான பிறகும், எலிசா ‘உண்டு’ என்கிறது. கிட்டை (பரிசோதனைப் பொருள்கள் அடங்கிய பெட்டியை) மாற்றினால் இது சரியாகுமா?

பதில் 1 (நுண்ணுயிரியல் துறை)

கிட்டின் மேல் குறையில்லை. ஐஜிஎம் பெரும்பாலும் முதல் வாரத்தின் கடைசியில்தான் அளவிடத்தக்க நிலைக்கு வருகிறது. வந்த பிறகு பல மாதங்கள் இரத்தத்தில் தங்கியும் விடுகிறது. ஆகவே நீங்கள் சொன்ன இரண்டுமே எதிர்பார்க்க வேண்டியவைதாம்.

வெயில்-ஃபெலிக்ஸுக்குத் திரும்ப வேண்டாம். அது இந்நோயை உண்டாக்கும் ஓரியன்ஷியா கிருமியையே பயன்படுத்துவதில்லை. புரோட்டியஸ் என்ற வேறொரு பாக்டீரியாவின் ஓஎக்ஸ்-கே வகையோடு எதிர்ப்பொருள்கள் தற்செயலாக ஒட்டிக்கொள்வதை நம்பியிருப்பதால், நோயாளிகளில் பலரைத் தவறவிடுகிறது. எலிசாவில் இருப்பது கிருமியின் மேலுறையிலுள்ள 56 கிலோடால்டன் எடையுள்ள புரதம். இப்புரதம் வகைக்கு வகை மாறுபடும் என்பதால்தான் கார்ப், கேட்டோ, கில்லியம் போன்ற பல வகைகளின் புரதங்களைக் கலந்து கிட் தயாரிக்கிறார்கள். நம் பகுதியில் கேட்டோவை ஒத்த வகைகள் மிகுதி. கிட் வாங்கும்போது அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அதைவிட முக்கியம் வரம்பு மதிப்பு, அதாவது எந்த அளவுக்கு மேல் ‘உண்டு’ என்று சொல்வது என்பது. நோய் பரவலாக உள்ள ஊரில் நலமாக இருப்பவர் இரத்தத்திலும் ஓரளவு எதிர்ப்பொருள் இருக்கும். உள்ளூரில் காய்ச்சலில்லாதவர்களின் மாதிரிகளை ஓட்டிப் பார்த்து வரம்பை நீங்களே நிர்ணயிக்காவிட்டால், நல்ல கிட்டும் பொய் சொல்லும்.

பதில் 2 (பொது மருத்துவர்)

முடிவு வரும்வரை நாங்கள் காத்திருப்பதில்லை. ஐயம் வலுவாக இருந்தால் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைத் தொடங்கிவிடுகிறோம். அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ்மடிப்பு ஆகிய இடங்களில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்த பொருக்கு தென்பட்டால், எலிசா ‘இல்லை’ என்றாலும் நான் நம்பமாட்டேன். நோயாளிக்கு அங்கே வலியோ அரிப்போ இராது என்பதால், தேடினால்தான் அகப்படும்.

பதில் 3 (ஆராய்ச்சி மாணவி)

அந்தப் பொருக்கைத் தூக்கி எறியாமல் பிசிஆருக்கு (கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனைக்கு) அனுப்புங்கள் ஐயா. இரத்தத்தில் கிருமி மிகக் குறைவு, பொருக்கிலோ ஏராளம். மருந்து தொடங்கிய பின்னும் அதில் மரபணு கிடைப்பதுண்டு. பொருக்கு இல்லாதவர்களுக்கு முதல் வாரத்தில் இரத்த பிசிஆர், அதற்குப் பின் எலிசா என்று வைத்துக்கொள்ளலாம். ‘பொன்தரம்’ (மற்றவற்றை ஒப்பிடும் அளவுகோல்) என்று எல்லோரும் சொல்லும் ஐஎஃப்ஏ என்ற ஒளிர்சாய எதிர்ப்பொருள் பரிசோதனையும், இருட்டறையில் பச்சை ஒளியைக் கண்ணால் பார்த்து ஒருவர் சொல்லும் தீர்ப்புதான். இரண்டு வார இடைவெளியில் எடுத்த இரு மாதிரிகளில் எதிர்ப்பொருள் நான்கு மடங்கு உயர்ந்தால் மட்டுமே அது உறுதி. ஆனால் குணமானவர் இரண்டாம் முறை இரத்தம் கொடுக்க எங்கே வருகிறார்?

கேள்வி கேட்டவர்

நன்றி. எங்கள் படிவத்தில் காய்ச்சல் எத்தனையாவது நாள் என்று எழுத இடமே இல்லை. முதலில் அந்தக் கட்டத்தைச் சேர்க்கச் சொல்கிறேன்.