வடிவப் பரவலா, வடிவ மாறுபாடா? மருத்துவப் பட ஆய்வுக்கான ஒரு கலைச்சொல்

மடல் 1: கையேட்டின் கணிப்புப் பகுதியைத் தொகுப்பவர், அஸ்தம்பட்டி, சேலம்

அனைவருக்கும் வணக்கம்.

சேலத்துக் கல்லூரி மாணவர்களுக்கான மருத்துவப் பட ஆய்வுக் கையேட்டில், 'ஸ்டாட்டிஸ்டிக்கல் ஷேப் மாடல்' என்பதற்கு முதல் வரைவில் 'புள்ளியியல் வடிவ மாதிரி' என்று எழுதியிருந்தோம். சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் இருக்கிறது. பாடத்துக்குள் நுழைந்த பிறகு அது உதவவில்லை. ஏன் என்று சொல்ல, முறையைச் சுருக்கமாக விளக்கிவிடுகிறேன்.

மார்பு எக்ஸ்ரேயில் நுரையீரலின் எல்லையைக் கணினி தானே வரைய வேண்டும். விலா எலும்புகள் குறுக்கே ஓடுகின்றன. இதயத்தின் நிழல் விழுகிறது. ஓரம் பல இடங்களில் மங்கியிருக்கிறது. கறுப்பு வெளுப்பை மட்டும் நம்பினால் கோடு வழி தவறும். ஆகவே நுரையீரல் பொதுவாக எப்படி இருக்கும், ஆளுக்கு ஆள் எப்படியெல்லாம் மாறும் என்பதை முன்கூட்டியே கற்றுக்கொடுக்கிறோம். மான்செஸ்டரில் டிம் கூட்ஸ், கிறிஸ் டெய்லர் குழுவினர் உருவாக்கி 1995இல் விரிவாக வெளியிட்ட வழி இது.

முதல் வேலை, பயிற்சிப் படங்களில் உறுப்பின் எல்லை நெடுகக் குறிகள் வைப்பது. ஜப்பானியக் கதிரியல் தொழில்நுட்பச் சங்கத்தின் திறந்த தொகுப்பில் 247 மார்புப் படங்கள் உள்ளன. அவற்றுக்கு நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட குறிகள் படத்துக்கு 166: வலது நுரையீரலுக்கு 44, இடதுக்கு 50, இதயத்துக்கு 26, காறை எலும்பு ஒவ்வொன்றுக்கும் 23. குறி ஒவ்வொன்றின் இடத்தையும் சொல்ல இரண்டு எண்கள் வேண்டும்; ஆகவே ஒரு படம் என்பது இப்போது 332 எண்கள் கொண்ட ஒரு வரிசை. அடுத்து எல்லா வடிவங்களையும் நகர்த்தி, திருப்பி, அளவு மாற்றி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிறோம். இடம், சாய்வு, பருமன் மூன்றும் கழிந்த பிறகு எஞ்சுவதுதான் வடிவம். அதன் சராசரியை எடுத்து, சராசரியிலிருந்து விலகும் போக்குகளை முதன்மைக் கூறு பகுப்பாய்வால் வரிசைப்படுத்துகிறோம். 247 வடிவங்களிலிருந்து அதிகம் கிடைக்கக்கூடியவை 246 போக்குகள். மொத்தப் பரவற்படியில், அதாவது மாறுபாட்டின் மொத்த அளவில், 95 முதல் 98 விழுக்காட்டைத் தாங்கும் முதல் சிலவற்றை வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடலாம். புதிய வடிவம் ஒவ்வொன்றும் சராசரியுடன் இந்தப் போக்குகளை வேண்டிய எடையில் கூட்டியது. எடை எதுவும் அந்தப் போக்கின் திட்ட விலக்கத்தைப்போல் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது.

இனி சொல்லின் சிக்கல்கள். 'புள்ளியியல்' என்பதை அடுத்து 166 புள்ளிகள் வருவதால், இது புள்ளிகளைப் பற்றிய இயல் என்று மாணவர் நினைத்துவிடுகிறார். 'மாதிரி' என்பதைப் புள்ளியியல் பாடத்தில் முழுமைத் தொகுதியிலிருந்து எடுத்த பகுதிக்கு வழங்குகிறோம்; "247 மாதிரிகளிலிருந்து ஒரு மாதிரி" என்று எழுதினால் எது எதுவென்று தெரியாது. 'படிமம்' என்று மாற்றலாம் என்றால் படிமவியலில் அது எக்ஸ்ரேயையே குறிக்கிறது.

என் பரிந்துரை: வடிவப் பரவல் மாதிரியம். 'இயல்நிலைப் பரவல்' பள்ளியிலேயே படித்த சொல். 'மாதிரியம்' என்று ஈற்றில் 'அம்' சேர்த்தால் 'மாதிரி'யிலிருந்து பிரிந்துவிடும். படத்திலிருந்து உறுப்பைத் தனியே எடுப்பதற்கு, அதாவது 'செக்மென்டேஷன்' என்பதற்கு, 'கூறாக்கம்' என்று வைத்திருக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

மடல் 2: கதிரியல் மருத்துவர், சேலம்

வணக்கம் ஐயா. விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் 'பரவல்' வேண்டவே வேண்டாம். மருத்துவத்தில் பரவல் என்றால் நோய் பரவுவது. 'நுரையீரல் வடிவப் பரவல்' என்று ஓர் அறிக்கையில் எழுதினால், படிக்கும் நோயாளியின் வீட்டார் புற்று பரவிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கையேட்டின் சொல் நாளை மென்பொருளின் திரையில் வரும். அங்கிருந்து அறிக்கைக்குப் போகும். வடிவ மாறுபாட்டு மாதிரியம் என்று வையுங்கள். ஆளுக்கு ஆள் உள்ள இயல்பான வேறுபாட்டைக் கற்றது என்ற பொருள் நேராகக் கிடைக்கிறது.

'இயல்பான' என்பதில் ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும். பயிற்சிப் படங்கள் எல்லாம் நலமான நுரையீரல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் உறைக்குள் நீர் கோத்த நோயாளியின் படத்தில் விலாவும் உதரவிதானமும் சேரும் கூர்ங்கோணம் மறைந்திருக்கும். மாதிரியம் அங்கே கோணம் இருப்பதாகவே கோடு போடும், ஏனென்றால் கோணமில்லாத நுரையீரலை அது பார்த்ததே இல்லை. மார்பறையின் எல்லை வேண்டுமானால் அந்தக் கோடு பயன்படும். காற்றுள்ள நுரையீரலின் பரப்பு வேண்டுமானால் அதே கோடு நோயை மறைத்துவிடும். சொல்லுக்கான விளக்கத்தில் 'பயிற்சிப் படங்களில் கண்ட மாறுபாடு' என்று இருக்க வேண்டும். வெறும் 'மாறுபாடு' போதாது.

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களின் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் எக்ஸ்ரேயில் அடர்ந்து வெளுக்கும். முன்கையில் இரண்டு எலும்புகளுக்கும் நடுவிலுள்ள சவ்வில் சுண்ணம் படியும். வெளிநாட்டுப் படங்களில் பழகிய மாதிரியத்தை இவர்கள் படத்தில் ஓட்டினால் இரண்டு வகையில் தவறும். எலும்பின் புறணிக்கும் உட்பகுதிக்கும் இடையே அது எதிர்பார்க்கும் கறுப்பு வெளுப்பு வேறுபாடு குறைந்திருக்கும். சவ்வில் படிந்த சுண்ணம் இல்லாத ஓரத்தை ஓரமாகக் காட்டும். இங்கே வடிவத்தைவிட முதலில் கெடுவது சாம்பல் அளவை, அதாவது படத்தின் ஓர் இடம் எவ்வளவு கறுப்பு, எவ்வளவு வெளுப்பு என்பதைப் பற்றிய கணிப்பு. அதனால் வடிவத்துக்கு ஒரு சொல், ஓரத்தின் நிற அமைப்புக்கு வேறொரு சொல் என்று இரண்டையும் பிரித்தே வையுங்கள்.

மடல் 3: தமிழாசிரியர், ஏற்காடு

வணக்கம். டாக்டரம்மா சொன்ன 'மாறுபாடு' எனக்கும் உடன்பாடு.

'கூறாக்கம்' நிற்காது, ஐயா. முதன்மைக் 'கூறு' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நிகழ்தகவுப் பாடத்தில் 'கூறுவெளி' வேறு இருக்கிறது. 'பகுப்பு' என்றால் பகுப்பாய்வோடு மோதும். 'துண்டாக்கம்' என்றால் அறுவை அரங்கில் துண்டிப்பு என்று கேட்கும். உருப்பிரிப்பு என்று ஆளலாம். பின்னணியிலிருந்து உருவைப் பிரிப்பது. 'உருப்பெருக்கி' ஏற்கெனவே ஆய்வகத்தில் புழங்குவதால் நாவுக்கும் பழக்கமான அமைப்பு. அதைப் போலவே இதிலும் ஒற்று மிகும்.

தனிமடலில் ஒருவர் 'வடிவ அச்சு' என்று சொல்லியிருந்தார். கேட்க நன்றாக இருக்கிறது, பொருள் தலைகீழாகிவிடும். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் அச்சு என்பது ஒரே உருவைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது. இந்த முறையோ எத்தனை வகையாக மாறலாம், எந்த அளவோடு நிற்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. கணக்கில் அச்சுக்கு வேறு பொருள் இருப்பது தனித் தொல்லை.

கற்ற வடிவத்தைப் படத்தின் மேல் நகர்த்தி எல்லையைத் தேடும் முறையான 'ஆக்டிவ் ஷேப் மாடல்' என்பதற்கு தேடுவடிவம் என்று வைக்கலாமா? ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. வடிவத்தோடு கறுப்பு வெளுப்பையும் சேர்த்துக் கற்கும் 'ஆக்டிவ் அப்பியரன்ஸ் மாடல்' அப்போது தேடுதோற்றம் ஆகும். வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று வராது.

மடல் 4: அஸ்தம்பட்டி

பரவல் போகட்டும், டாக்டரம்மாவின் காரணத்துக்கு மறுப்பே இல்லை. உருப்பிரிப்பையும் ஏற்கிறேன்.

தேடுவடிவத்தில் மட்டும் ஐயம். வினைத்தொகையை இரு பக்கமும் விரிக்கலாம்: தேடுகின்ற வடிவம், தேடப்படுகின்ற வடிவம். இங்கே தேடப்படுவது நோயாளியின் நுரையீரல். தேடுவது நம் கோடு. இரண்டும் ஒரே சொல்லில் கலந்தால் பாடமே குழம்பும். செயப்படுபொருள் குன்றிய வினையாக இருந்தால் இந்த இரட்டைப் பொருள் எழாது. இயங்குவடிவம், இயங்குதோற்றம் என்றால் என்ன? 'இயங்குதளம்' கணினியில் வேரூன்றிய சொல்.

அந்த இயக்கம் நடப்பது இப்படி. சராசரி வடிவத்தைப் படத்தின் மேல் வைக்கிறோம். ஒவ்வொரு குறியிலும் எல்லைக்குச் செங்குத்தாக உள்ளும் புறமும் சில படப்புள்ளிகளின் ('பிக்சல்') சாம்பல் அளவை எடுக்கிறோம். நேரான அளவை அல்ல, அடுத்தடுத்த அளவுகளின் வேறுபாட்டை, படத்தின் வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் பாதிக்காதபடி சமன்செய்து. பயிற்சியில் அந்தக் குறிக்குப் பதிவான வரிசையோடு எந்த இடம் மிக நெருங்குகிறதோ அங்கே குறி நகர்கிறது. எல்லாக் குறிகளும் நகர்ந்த பிறகு கிடைக்கும் கோணல்மாணலான கோட்டை மாதிரியத்துக்குள் திருப்பிப் பொருத்தி, எடைகளை வரம்புக்குள் இழுக்கிறோம். பெரும்பாலான குறிகள் நகராமல் நிற்கும்வரை இதையே திரும்பச் செய்கிறோம். முதலில் சிறிதாக்கிய படத்தில், பிறகு முழு அளவில். நேரே முழு அளவில் தொடங்கினால் கோடு பக்கத்து விலா எலும்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். இடது நுரையீரலின் அடியில் இரைப்பைக் காற்றின் கறுப்பும் இதே பொறியாகும். அந்த இரண்டு படங்களையும் கையேட்டில் போட வேண்டும்.

சாம்பல் அளவுக்கு டாக்டரம்மா கேட்ட தனிச்சொல்: ஓர வரிசை. குறி ஒன்றின் குறுக்கே எடுத்த சாம்பல் வேறுபாடுகளின் வரிசை என்று விளக்கம் எழுதுகிறேன்.

விலகும் போக்குகளுக்கு மாறுபாட்டுத் திசை என்று வைக்கிறேன். ஆங்கிலத்தில் 'மோட்' என்பதால் சிலர் 'முகடு' என்று எழுதுகிறார்கள். பள்ளிப் பாடத்தின் முகடு அதிக முறை வரும் மதிப்பு. இதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

மடல் 5: கதிரியல் மருத்துவர்

இயங்குவடிவம் நன்று. இன்னொரு கேள்வி. 2015இல் படங்களிலிருந்து உறுப்பைப் பிரிக்கும் யூ-நெட் என்ற செயற்கை நரம்பு வலை (எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்கும் கணினி முறை) வந்த பிறகு மாணவர்கள் நரம்பு வலையைத்தான் முதலில் எடுக்கிறார்கள். இந்தச் சொற்கள் அங்கும் பொருந்துமா?

மடல் 6: அஸ்தம்பட்டி

பொருந்தும் அம்மா. உருப்பிரிப்பு இரண்டுக்கும் பொது. நரம்பு வலை ஒவ்வொரு படப்புள்ளியையும் தனித்தனியே வகைப்படுத்துவதால், நுரையீரலுக்கு வெளியே சிறு தீவுகளும் உள்ளே ஓட்டைகளும் விழக்கூடும். அந்த விடையை வடிவ மாறுபாட்டு மாதிரியத்தில் பொருத்தித் திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பயிற்சிப் படங்கள் குறைவாக உள்ள இடங்களில் மாதிரியத்துக்கு இன்னும் வேலை உண்டு. ஆனால் பத்துப் பதினைந்து படங்களை மட்டும் வைத்துக் கற்பித்தால் அது விறைத்துப்போகும். நலமான புதிய உறுப்பைக்கூட ஏற்காது.

மூன்று மடங்கு வரம்பைப் பற்றி முதல் மடலில் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு எடையும் தனித்தனியே வரம்புக்குள் இருந்தால் போதாது. எல்லா எடைகளும் ஒரே நேரத்தில் விளிம்பில் நின்றால் நடைமுறையில் வராத வடிவம் கிடைக்கும். எடைகளைத் திட்ட விலக்கத்தால் வகுத்து, வர்க்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கும் ஒரு வரம்பு வைப்பது பாதுகாப்பு.

எஞ்சியிருப்பது 'லேண்ட்மார்க்'. 'அடையாளப் புள்ளி' நீளம். குறிப்புள்ளி என்று போட்டிருக்கிறேன். ஆனால் 166இல் எல்லாம் ஒரே தரமல்ல. நுரையீரலின் உச்சி, விலா-உதரவிதானக் கோணம் போன்றவற்றை யார் குறித்தாலும் அதே இடத்தில்தான் குறிப்பார்கள். இடைப்பட்டவை சம தூரத்தில் நிரப்பியவை. இவை ஒரு படத்தில் மேலும் மறு படத்தில் கீழுமாக வழுக்கினால், உறுப்பில் இல்லாத மாறுபாடு மாதிரியத்தில் நுழைந்துவிடும்; முதன்மைத் திசைகளில் ஒன்றே வெறும் வழுக்கலாக இருக்கக்கூடும். நிரப்பியவற்றுக்கு இடைக்குறி என்று தனிப்பெயர் கொடுத்தால் மாணவர் அவற்றை வேறாகக் கையாள்வார். ஏற்காட்டு ஐயா, 'குறிப்புள்ளி'யைக் 'குறிப்பு + உள்ளி' என்று பிரித்துப் படிக்க இடமுண்டா? உண்டென்றால் 'நிலைக்குறி', 'இடைக்குறி' என்று இணையாக வைத்துவிடலாம். பட்டியலில் அந்த ஒரு வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

மடல் 7: ஏற்காடு

இடமுண்டு. நிலைக்குறி என்றே நிரப்புங்கள்.