முடவாட்டுக்கால் சூப்பில் அரசாணிக்காய் சேர்க்கலாமா?

கேள்வி (அம்மாப்பேட்டை, சேலம்)
ஏற்காட்டில் சாலையோரக் கடையில் அரைக் கிலோ முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கி வந்தேன். வீட்டில் ஒரு கீற்று அரசாணிக்காயும் (மஞ்சள் பூசணிக்காய்) இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சூப் வைக்க ஆசை. ஆனால் அரசாணிக்காய் தித்திக்கிறது என்று எங்கள் வீட்டில் தொடவே மாட்டார்கள். என்ன செய்யலாம்? சோளமாவு இல்லாமல் கெட்டியாக்க வழி உண்டா?

பதில் (நாகலூர், ஏற்காடு)
தாராளமாகச் சேர்க்கலாம் தம்பி. முதலில் கிழங்கைக் கவனியுங்கள். மேலே இருக்கும் பழுப்பு ரோமத்தைச் சுரண்டினால் போதாது. உள்ளே வெளிர்ந்த சதை தெரியும் வரை தோலைத் தடிமனாகவே சீவுங்கள். துண்டாக்கி, மையாக அரைத்து, தண்ணீர் விட்டு வடிகட்டினால் நார் மேலே நின்றுவிடும். நான்கு பேருக்கு 100 கிராம் போதும்.

இந்தக் கிழங்குக்குத் தனி ருசி குறைவு, நாம் சேர்க்கும் மசாலாவைத்தான் வாங்கிக்கொள்ளும். அதனால் மிளகில் சிக்கனம் பார்க்காதீர்கள். எங்கள் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் காய்த்த மிளகு கிடைத்தால் மிக நல்லது. ஒரு தேக்கரண்டி மிளகு, அதே அளவு சீரகம், ஆறு பல் பூண்டு மூன்றையும் ஒன்றிரண்டாக இடியுங்கள். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்துடன் வதக்கி, கிழங்குச் சாற்றை ஊற்றி இருபது நிமிடம் கொதிக்க விடுங்கள்.

பழுத்த அரசாணிக்காய் இனிக்கத்தான் செய்யும். அந்த இனிப்புக்கு எதிரே புளிப்பை நிறுத்த வேண்டும். அதற்குத் தக்காளி பத்தாது; நெல்லிக்காய் அளவு புளி கரைத்து ஊற்றுங்கள். காயைத் துண்டுகளாகக் கடைசியில் போட்டு, வெந்ததும் பாதியை மட்டும் கரண்டியால் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்து மசியுங்கள். சூப் தானாகக் கெட்டிப்படும்.

பதில் (செவ்வாய்ப்பேட்டை, சேலம்)
சேலத்தில் இருந்துகொண்டு சோளமாவைத் தேடுவானேன்? ஜவ்வரிசி இருக்கிறதே! இரண்டு தேக்கரண்டி ஊறவைத்துப் போடுங்கள். நைலான் ஜவ்வரிசி வேண்டாம், அது முத்து முத்தாகவே நிற்கும். மாவு ஜவ்வரிசிதான் கரையும்.

பதில் (நாகலூர், ஏற்காடு)
சுடச்சுடக் குடிப்பதானால் ஜவ்வரிசி சரி. ஆறினால் கூழாக இறுகிவிடும், மிளகின் வாசமும் அமுங்கிப்போகும். எனக்கு அது பிடிக்காது. பலா காய்க்கும் காலத்தில் நான்கைந்து பலாக்கொட்டையை வேகவைத்து, தோல் உரித்து அரைத்து விடுவேன். அரசாணிக்காயோடு அது சேரும் அழகே தனி!

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி அம்மா. இந்தச் சூப் மூட்டுவலிக்கு நல்லது என்று கடைக்காரர் சொன்னார். என் அம்மா அதற்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். நிறுத்திவிடலாமா?

பதில் (நாகலூர், ஏற்காடு)
மலையில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம், நானும் நம்பித்தான் குடிக்கிறேன். ஆனால் மாத்திரையை நிறுத்தவே கூடாது தம்பி. அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அம்மாவுக்குச் சூப்பை இரவு உணவோடு கொடுங்கள். மீதிக் கிழங்கைத் தோல் சீவாமல் காற்றாட வைத்திருங்கள். அது தீர்ந்த பிறகு அடுத்தது வாங்கினால் போதும். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்கிற செடி அது, ஆளுக்கு ஐந்து கிலோ அள்ளினால் மலையில் மிஞ்சாது.